பசு பால் தரும், பல்லி என்ன தரும்?

அக்கா மகள் முதல் வகுப்பு படித்தபோது அவள் நோட்டில் ‘நமக்கு உதவும் விலங்குகள்’ என்று ஒரு பாடம் இருந்தது. பசு பால் தரும், கோழி முட்டை தரும், ஆடு கம்பளி தரும், நாய் வீட்டைக் காக்கும், மாடு வண்டி இழுக்கும். நாம் எல்லோரும் படித்ததுதான், நம் அப்பா அம்மா படித்ததும் அதுதான், படம்கூடப் பெரிதாக மாறவில்லை. மூச்சுவிடாமல் ஒப்பித்து முடித்தவள், டியூப்லைட் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் காட்டி, “மாமா, பல்லி என்ன தரும்?” என்று கேட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒண்ணும் தராதும்மா” என்றேன். “அப்போ அடிச்சிடலாமா?” என்றாள்.

அவள்மேல் தப்பே இல்லை, கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறாள். தருகிற விலங்கு நல்ல விலங்கு என்று சொல்லிக்கொடுத்தால், தராதது எதற்கு என்ற கேள்வி தானாக வந்து நிற்கும். அதற்கப்புறம் இந்தப் பாடத்தைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன், எனக்குப் பட்டது, கோளாறு ‘தரும்’ என்கிற அந்த வினைச்சொல்லில்தான் இருக்கிறது. பசு யாருக்கும் பால் தருவதில்லை. கன்று ஈன்றால்தான் அதற்குப் பால் சுரக்கும், அது கன்றுக்கான பால், அதில் நாம் பங்கு எடுத்துக்கொள்கிறோம். (கன்று போடாத மாடு கறக்காது என்பது நகரத்தில் வளர்ந்த பெரியவர்களிலேயே சிலருக்குத் தெரியாது, சோதித்துப் பாருங்கள்.) தேனீ தேன் சேர்ப்பது பூ கிடைக்காத நாட்களைக் கூட்டத்தோடு தாண்டுவதற்கு. ஆட்டின் கம்பளி ஆட்டின் குளிருக்கு. நம் ஊர் வெள்ளாட்டுக்குக் கம்பளியே கிடையாது என்பதும், இருந்தாலும் பாடப் படத்தில் பஞ்சு மூட்டை மாதிரி ஒரு வெளிநாட்டு ஆடு வந்து நிற்கும் என்பதும் வேறு விஷயம்.

பால் டம்ளரை வைத்துக்கொண்டு குழந்தையைக் குற்ற உணர்ச்சியில் தள்ளுங்கள் என்று சொல்லவில்லை. வீட்டு விலங்குகளோடு மனிதனுக்கு இருப்பது பல ஆயிரம் வருடக் கொடுக்கல் வாங்கல், தீனியும் கொட்டகையும் நாம் போடுகிறோம், பாலும் உழைப்பும் எடுத்துக்கொள்கிறோம். மாட்டுப் பொங்கலன்று குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் அடித்து, பொங்கல் ஊட்டுவது அந்தக் கடனை ஊர் முழுக்க ஒத்துக்கொள்கிற நாள். இதைக் குழந்தைக்கு அப்படியே சொல்லலாம், புரியும். வீட்டு விலங்கு பாடம் அதோடு முடிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் நம்மிடம் கூலியும் வாங்காமல், நம்மைத் திரும்பியும் பார்க்காமல், தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டு, அதனாலேயே நாம் உயிரோடு இருக்கிற அளவுக்கு உபகாரம் செய்கிற பெரிய கூட்டம் வெளியே இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை. அவற்றைச் சொல்லிக்கொடுக்க ‘என்ன தரும்’ என்பதை விட்டுவிட்டு ‘என்ன செய்யும்’ என்று கேட்க வேண்டும்.

தொடங்குவதற்குக் காட்டுக்கோ மிருகக்காட்சி சாலைக்கோ போக வேண்டாம், மொட்டைமாடிக்குப் போனால் போதும். தண்ணீர்த் தொட்டி ஓரத்திலோ, கைப்பிடிச் சுவர் விரிசலிலோ, இல்லாவிட்டால் எதிர்த்த வீட்டு சன்ஷேடு மேலோ ஒரு அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருக்கும். “இதை யார் நட்டது?” என்று கேளுங்கள். நான் இதுவரை கேட்ட பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் சொன்ன பதில் “தாத்தா”. யாரும் நடவில்லை, அங்கே மண்ணே இல்லை என்றதும்தான் யோசிக்க ஆரம்பிப்பார்கள். காகமோ மைனாவோ குயிலோ எங்கேயோ ஆலம்பழம் தின்றுவிட்டு இங்கே வந்து எச்சமிட்டிருக்கிறது, கடுகைவிடச் சிறிய விதை அதன் வயிற்றில் செரிக்காமல் வெளியே வந்து, எச்சத்தையே எருவாக வைத்துக்கொண்டு முளைத்திருக்கிறது. காகத்துக்கு மரம் நடும் எண்ணமெல்லாம் இல்லை, அதற்குப் பசி. ஐந்து வயதுக் குழந்தைக்கு இதில் எச்சம் என்கிற பகுதிதான் ரொம்பப் பிடிக்கும், சிரிக்கட்டும், பாடம் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது.

இதே ஆலமரத்தை வைத்துக்கொண்டு எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு இன்னும் ஆழமாகப் போகலாம். ஆலும் அரசும் அத்திக் குடும்பம். எப்போதாவது நடப்பதை ‘அத்தி பூத்தாற்போல’ என்கிறோம், ‘அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு’ என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அத்திக்குப் பூ இல்லாமல் இல்லை, நாம் காய் என்று நினைக்கிற உருண்டைக்குள்ளே நூற்றுக்கணக்கில் குட்டிக்குட்டிப் பூக்களாக ஒளிந்திருக்கிறது, அதனால் வெளியே இருந்து பார்க்க முடிவதில்லை. சரி, மூடிக் கிடக்கிற பூவுக்கு மகரந்தம் எப்படிப் போகும்? அதற்கென்றே ஒரு குளவி இருக்கிறது, கொசுவைவிடச் சிறியது, உருண்டையின் நுனியில் உள்ள ஊசித் துளை வழியாக இறக்கை முறிய நெருக்கிக்கொண்டு உள்ளே நுழையும். வேறொரு பழத்திலிருந்து கொண்டுவந்த மகரந்தத்தைப் பூவில் சேர்க்கும், சில பூக்களில் முட்டை இடும், அங்கேயே செத்துப்போகும். முட்டையிலிருந்து வருகிற ஆண் குளவிகளுக்கு இறக்கை கிடையாது, அவை இணை சேர்ந்து, வெளியேற வழி குடைந்துகொடுத்துவிட்டு மடிந்துவிடும். பெண் குளவிகள் அந்த வழியில் மகரந்தத்தோடு பறந்து அடுத்த பழத்தைத் தேடிப் போகும். பழமொழிக்காரர் அருவருத்துக்கொண்ட அந்தப் ‘புழு’ இல்லாவிட்டால் ஆலமரத்துக்கு விதையே கிடையாது, காகம் தின்ன விதையுள்ள பழமும் இல்லை, மொட்டைமாடியில் கன்றும் இல்லை. ஒவ்வொரு அத்தி இனமும் பெரும்பாலும் தனக்கென்று தனிக் குளவியை வைத்திருக்கிறது என்று சொன்னால், பிள்ளைகள் அதை அந்த மரத்தின் சொந்தக்காரக் குளவியாகவே பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

விலங்கின் உபகாரத்தைப் பெரியவர்கள் ஒழுங்காகப் புரிந்துகொண்ட கதையும் நம்மிடம் உண்டு, அதைக் குழந்தைகளிடம் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் குறை. செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல். பள்ளிச் சுற்றுலா போகிற இடம், பிள்ளைகள் நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் திரும்புவார்கள். ஊர்க்காரர்கள் ஏன் இத்தனை காலம் அந்த ஏரியைக் காப்பாற்றினார்கள் என்பதைத்தான் சொல்ல வேண்டும். ஏரிக்குள் நிற்கிற மரங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடு கட்டுகின்றன, அத்தனை எச்சமும் தண்ணீரில் விழுகிறது, அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. உரம் கலந்த தண்ணீர். எந்த விஞ்ஞானியும் வந்து சொல்வதற்கு முன்பே உழவர்களுக்கு இது தெரிந்திருந்தது, அங்கே வந்து பறவைகளைச் சுட்டவர்கள்மேல் வெள்ளைக்கார கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்திலேயே வாங்கிக்கொண்டார்கள். பறவைகளுக்கு வயலைப் பற்றி ஒன்றும் தெரியாது, மரமும் மீனும் கிடைக்கிற இடத்தில் குஞ்சு பொரிக்கின்றன, அவ்வளவுதான். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பக்கத்துக் கண்மாய்ப் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வெடியை விட்டுக்கொடுத்த பிள்ளைகள் இருக்கிற ஊர் என்று சொல்லிப் பாருங்கள், மற்ற பிள்ளைகளுக்கு அதன் கனம் உடனே புரியும், வெடியின் விலை அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இப்போது பாறு. பிணந்தின்னிக் கழுகு என்று ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரைத் திட்டுவதற்கும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். பாறு என்பது பழைய தமிழ்ப் பெயர், சங்கப் பாட்டிலேயே இருக்கிறது, குழந்தைகளுக்கு அந்தப் பெயரையே சொல்லலாம் என்பது என் பரிந்துரை. பிணந்தின்னி என்ற பெயரோடு அறிமுகமாகிற பறவைமேல் யாருக்கும் பிரியம் வராது.

பாறு வேட்டையாடாது, செத்ததைத்தான் தின்னும். ஒரு மாடு செத்தால் கூட்டமாக இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் எலும்புக்கூடாக்கிவிடும். அதன் வயிற்று அமிலம் கடுமையானது, செத்த மாட்டிலுள்ள ஆபத்தான கிருமிகள் பல அதற்குள் பிழைப்பதில்லை. தலையிலும் கழுத்திலும் சிறகு குறைவாக இருப்பது, பிணத்துக்குள் தலையை விட்டுத் தின்கிற பறவைக்கு வசதி. வழுக்கைத் தலைக்குக் காரணம் கேட்டு இதைச் சொன்னால் பிள்ளைகள் ‘உவ்வே’ என்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள். 1980-களில் இந்தியாவில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்தன என்று கணிக்கப்பட்டிருக்கிறது, ஊர் எல்லையில் செத்த மாட்டைப் போட்டுவிட்டு வந்தால் போதும், மீதியை அவை பார்த்துக்கொள்ளும். 1990-களில் திடீரென்று குறைய ஆரம்பித்தன. ராஜஸ்தானின் பரத்பூரில் அவற்றைத் தொடர்ந்து கவனித்துவந்த விபு பிரகாஷ் என்கிற ஆய்வாளர்தான் இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர். கூட்டிலும் கிளையிலும் தலை தொங்கிப்போய் உட்கார்ந்திருந்த பறவைகள் செத்து விழுந்தன. ஏதோ தொற்று நோய் என்றுதான் முதலில் நினைத்தார்கள், காரணம் தெரிய 2004 ஆனது. டைக்ளோஃபினாக். நமக்கு மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் கொடுக்கிற அதே மாத்திரைதான், மலிவாகக் கிடைத்ததால் மாடுகளுக்கும் ஊசியாகப் போட்டார்கள். ஊசி போட்ட மாடு சில நாளில் செத்தால், அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். வெண்முதுகுப் பாறு 15 வருடத்தில் ஆயிரத்துக்கு ஒன்று என்கிற அளவுக்கு அழிந்தது. வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை இடுகிற பறவை அது, இழந்ததை எப்போது ஈடுகட்டும்?

இதற்கப்புறம் நடந்ததுதான் பாடம். செத்த மாடுகள் கிடந்து அழுகின, அந்த இடத்துக்குத் தெருநாய்கள் வந்தன, நாய்கள் பெருகின, நாய்க்கடியும் வெறிநோயும் கூடவே வந்தன, அழுகியது தண்ணீரிலும் கலந்தது. 2024-ல் வெளிவந்த ஒரு பொருளாதார ஆய்வு, முன்பு பாறுகள் நிறைய வாழ்ந்த மாவட்டங்களையும் வாழாத மாவட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, பாறுகள் போனதால் 2000 முதல் 2005 வரை மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று கணக்குச் சொன்னது. ஐந்து லட்சம். பசு பால் தரும், நாய் வீட்டைக் காக்கும் என்கிற வரிசையில் ஒருநாளும் இடம் கிடைக்காத ஒரு பறவை போனதற்கு இவ்வளவு விலை. மாட்டுக்கு டைக்ளோஃபினாக் போடுவதற்கு 2006-ல் தடை வந்தது, மனிதர்களுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள் என்பதால் 2015-ல் அந்த பாட்டிலையும் 3 மில்லிக்குச் சுருக்கினார்கள், அதே மாதிரித் தீங்கு செய்கிற கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் கால்நடைக்குப் போடக்கூடாது என்று 2023-ல் தடுத்தார்கள். தென்னிந்தியாவில் மிஞ்சியிருக்கிற பாறுகளுக்கு முக்கியமான இடம் நம் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கு, ஆற்றோர நீர்மருது மரங்களில் கூடு கட்டுகின்றன. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்கு மலைமேல் சோறு தின்ன இரண்டு கழுகுகள் வந்த காட்சியை உங்கள் வீட்டுப் பாட்டி பார்த்திருப்பார், அது மஞ்சள்முகப் பாறு. இப்போது வருவதில்லை. பேரப்பிள்ளைகளிடம் பாட்டியே சொன்னால் இன்னும் நல்லது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கதையை நான்கு வயதுக் குழந்தையிடம் சொல்லாதீர்கள். சாவு, அழிவு, ஐந்து லட்சம் என்று அடுக்கினால் குழந்தைக்குப் பயம்தான் மிஞ்சும், அந்த வயதில் அதனால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. மூன்றிலிருந்து ஐந்து வரைக்கும் பார்ப்பது, பெயர் சொல்வது, அது இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கவனிப்பது, இவ்வளவு போதும். ஆறு, ஏழு வயதில் இரண்டு கண்ணியுள்ள சங்கிலி பிடிபடும்: தவளை பூச்சியைத் தின்னும், பூச்சி நெல்லைத் தின்னும், அப்படியென்றால் தவளையைப் பிடித்துக்கொண்டு போனால் நெல் என்ன ஆகும்? இது கற்பனைக் கேள்வி கிடையாது. ஒரு காலத்தில் நம் நாட்டு வயல்களிலிருந்து தவளைக் கால்களை டன் டன்னாக வெளிநாட்டுக்கு, சாப்பாட்டுக்காக ஏற்றுமதி செய்துகொண்டிருந்தோம், 1987-ல்தான் அதை நிறுத்தினார்கள். தவளைக் காலைச் சாப்பிடுவார்களா என்று பிள்ளைகள் கண்ணை விரிக்கும்போதே சங்கிலி மனதில் ஏறிவிடும். மூன்று, நான்கு கண்ணி நீள்கிற பாறுக் கதைக்கு எட்டு வயதாவது ஆக வேண்டும்.

கதையைவிடக் கண்ணால் பார்ப்பது எப்போதும் மேல், அதற்கு ஒரு கத்திரிச் செடி போதும். தொட்டியில் வளர்க்கலாம், பால்கனி இருந்தால் போதும். கத்திரிப்பூ நடுவில் மஞ்சளாகக் கூம்பு மாதிரி நிற்கிறதே, மகரந்தம் அதற்குள்ளே அடைபட்டிருக்கிறது, நுனியில் மட்டும் சின்னத் துளை, உப்பு ஜாடி மாதிரி. உலுக்கினால்தான் கொட்டும். தேன் எடுக்கிற சாதாரண தேனீக்கு இந்த உலுக்கும் வித்தை தெரியாது. தெரிந்தவை வேறு, மரத்தைத் துளைத்து வீடு கட்டுமே அந்தக் கருவண்டு, அப்புறம் வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒரு காட்டுத் தேனீ. பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை விரிக்காமலே இறக்கைத் தசையை மட்டும் அதிரவிடும், ‘ஸ்ஸ்ஸ்’ என்று சுருதி ஏறும், மகரந்தம் அதன் உடம்பில் கொட்டும். அது அடுத்த பூவுக்குப் போகும்போது கொஞ்சம் அங்கே ஒட்டும். காலை வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தால் இந்தச் சத்தத்தைக் காதால் கேட்கலாம், பறக்கிற சத்தத்துக்கும் பூவை உலுக்குகிற சத்தத்துக்கும் வித்தியாசத்தைக் குழந்தைகள் நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள். காற்றும் கொஞ்சம் உலுக்கும்தான், ஆனால் காய்ப்பு நன்றாக இருக்க வண்டு வேண்டும். ஐரோப்பாவில் கண்ணாடிக் கூடத்துக்குள் தக்காளி வளர்க்கிறவர்கள் இந்த வேலைக்காகவே 1980-களின் கடைசியிலிருந்து ஒருவகைத் தேனீயைப் பெட்டி பெட்டியாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நம் பால்கனிக்குக் கருவண்டு தானாகவே வருகிறது, அதைப் பார்த்ததும் துடைப்பத்தை எடுக்காமல் இருந்தால் போதும்.

சாணி உருட்டி வண்டைப் பற்றி ஒரு விஷயம் மட்டும், இது எனக்கே பிடித்த கதை. 1788-ல் ஆஸ்திரேலியாவுக்கு வெள்ளைக்காரர்கள் மாட்டைக் கொண்டுபோனார்கள், சாணி வண்டைக் கொண்டுபோக மறந்தார்கள். அங்கிருந்த வண்டுகளுக்குக் கங்காரு போடுகிற உலர்ந்த உருண்டைதான் பழக்கம், மாட்டின் ஈரச் சாணியை அவை பெரிதாகத் தொடவில்லை. சாணி மேய்ச்சல் நிலமெங்கும் அப்படியே காய்ந்து கிடந்தது, ஈ மொய்த்தது. கடைசியில் 1960-களில் ஜார்ஜ் போர்னமிஸா என்கிற பூச்சியியலாளர் யோசனை சொல்லி, ஆப்பிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வண்டுகளைத் தேர்ந்தெடுத்து வரவழைக்க வேண்டியதாயிற்று. ஒரு நாட்டுக்கே சாணி அள்ள ஆள் இறக்குமதி. இன்னொன்று, சில சாணி வண்டுகள் இரவில் பால்வெளியைப் பார்த்துத் திசை பிடிக்கின்றன என்று 2013-ல் கண்டுபிடித்தார்கள், அதை உறுதிசெய்ய வண்டின் தலைக்குக் குட்டித் தொப்பி மாட்டி வானத்தை மறைத்தார்கள். தொப்பி போட்ட வண்டை வரையச் சொல்லுங்கள், அரை மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும்.

நாம் பழக்கி வேலை வாங்குகிற விலங்குகள் மூன்றாவது கூட்டம். நாயைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், எலியைச் சொல்லுங்கள். ஆப்பிரிக்காவில் பூனை அளவுக்கு வளர்கிற பை எலி ஒன்று இருக்கிறது, கண் மங்கல், மூக்கு அபாரம். தான்சானியாவில் அதற்குக் கண்ணிவெடியின் மருந்து வாசனையைப் பழக்குகிறார்கள், கண்டுபிடித்தால் வாழைப்பழத் துண்டு. மிதித்தாலும் வெடிக்காத அளவுக்கு அதன் எடை குறைவு. மகாவா என்கிற எலி கம்போடியாவில் மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட வெடிகளைக் கண்டுபிடித்தது, இந்த வேலைக்காக 2020-ல் தங்கப் பதக்கம் வாங்கியது, 2022-ல் இறந்தது. அதுவும் வாழைப்பழத்துக்காகத்தான் மோப்பம் பிடித்தது, தியாகம் என்றெல்லாம் ஏற்றிச் சொல்ல வேண்டாம், அந்தப் பழத்துக்கும் அந்தப் பதக்கத்துக்கும் நடுவில் உள்ள தூரமே குழந்தைக்குச் சிரிப்பாக இருக்கும்.

பாம்புக்கடி மருந்தும் இதே மாதிரிதான், கேட்டால் மாயாஜாலம் போல இருக்கும். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர்கள் 1978-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்துவந்து விஷம் எடுத்து, பிறகு பிடித்த பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றினால் குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உருவாகும், அதிலிருந்துதான் நம் ஆஸ்பத்திரிக்கு வருகிற மருந்து. பாம்பும் குதிரையும் இருளரும் சேர்ந்துதான் கடிபட்டவரைக் காப்பாற்றுகிறார்கள். 2023-ல் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தது பாம்பு பிடிக்கிற இந்த வித்தைக்காகத்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு குழந்தைகள் நம்மை மடக்குவார்கள், மடக்க வேண்டும். “கொசு என்ன செய்யும்?” என்று கட்டாயம் வரும். கொசுவுக்கு வக்காலத்து வாங்க வேண்டிய அவசியமில்லை. ஆண் கொசு பூந்தேன் குடித்து வாழ்கிறது, பெண் கொசுவுக்கும் முட்டைக்காகத்தான் ரத்தம் தேவை, அதன் புழுவை மீனும் தட்டான் குஞ்சும் தின்கின்றன என்பதைச் சொல்லிவிட்டு, ஆனாலும் நம் வீட்டுப் பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துத்தான் ஆக வேண்டும், டெங்கு நமக்கு வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இரண்டும் உண்மை. வௌவாலும் அப்படித்தான், இலுப்பை மரத்தின் விதையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரப்புவது பழந்தின்னி வௌவால்தான், ஆனால் 2018-ல் கோழிக்கோட்டில் நிபா வந்ததும் பழந்தின்னி வௌவாலிடமிருந்துதான். நாங்கள் சின்ன வயதில் அணில் கடித்த கொய்யாதான் ருசி என்று தேடித் தின்றோம், இப்போது எது கடித்த பழமானாலும் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். பாம்பு எலி தின்னும் என்று சொல்கிற அதே மூச்சில், பாம்பைப் பார்த்தால் நின்று, பின்னால் நகர்ந்து, பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்றும், நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ மறைக்காமல் உடனே வீட்டில் சொல்ல வேண்டும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஊசிக்குப் போக வேண்டும் என்றும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். உபகாரம் செய்கிற விலங்கு என்றால் தொட்டு விளையாடலாம் என்று குழந்தை தானாகப் பொருள் எடுத்துக்கொள்ளும்.

மடக்குகிற கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் கிடையாது, எதுவுமே செய்யாத ஒரு விலங்கு இருந்தால் என்ன செய்வது என்பது அது. கரூர், திண்டுக்கல் பக்கத்துக் கடவூர் மலையில் தேவாங்குக்காக 2022-ல் 11,806 ஹெக்டேரில் ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். தேவாங்கு பயிர்ப் பூச்சிகளைத் தின்னும், உழவர்களுக்கு நல்லது என்று அதற்கும் ஒரு ‘உதவி’க் காரணம் சொல்லப்பட்டது, உண்மையும்தான். ஆனால் தேவாங்கு பூச்சியே தின்னாமல் இலை தின்று வாழ்ந்திருந்தால் அதற்கு அந்த மலையில் இடம் கிடையாதா? இந்தக் கேள்வியை ஒரு ஒன்பது வயதுப் பையனிடம் கேட்டேன். “அது வீடுதானே அங்கிள் அது” என்றான், எனக்கு அதற்குமேல் சேர்க்க ஒன்றும் தோன்றவில்லை.

அக்கா மகளுக்கு அன்றைக்கே ஒரு வேலை கொடுத்தேன். அடிக்கலாமா வேண்டாமா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம், முதலில் பல்லி என்ன செய்கிறது என்று பத்து நிமிடம் பார் என்றேன். நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மழைக்கு முந்தைய புழுக்கமான சாயங்காலம், டியூப்லைட்டைச் சுற்றி ஏகப்பட்ட பூச்சி. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டாள், மொத்தம் பதினொரு கோடு, அதில் இரண்டு தப்பிவிட்டது என்று பக்கத்தில் எழுதினாள். பாடத்துக்குக் கீழே, டீச்சர் எழுதச் சொல்லாத இடத்தில், ‘பல்லி பூச்சி பிடிக்கும்’ என்று ஒரு வரி சேர்த்தாள். அடுத்த நாள் காலை அவள் பள்ளிக்கூடப் பையில் பல்லி எச்சம் விழுந்திருந்தது, அந்த வரிக்குக் கீழே அதுவும் பதிவாகியிருக்கிறது.